விடிகாலையில் நான் யாரோடு பேசுகிறேன்

கொமானி, தென்னாப்பிரிக்கா

அன்பு மகள் ஸுகிஸ்வாவுக்கு அம்மா எழுதுவது. டப்ளின் குளிர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. பயமாக இருக்கிறது மகளே.

போன ஞாயிறு போனில் நான் வாய் குழறியதும் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய், வயசில்லையடி, மாத்திரை. விடிகாலையில் ஜன்னலைத் திறந்து நம் குலப்பெயர்களைச் சொல்லி, என் அப்பாவையும் உன் அப்பாவையும் கூப்பிட்டுப் பேசுவேனே, நீகூடச் சின்ன வயதில் என் போர்வைக்குள் நின்று கேட்பாய். இந்த முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்கார மேட்ரன் அதைக் கேட்டுவிட்டு, செத்தவர்களோடு பேசுகிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். வேண்டாம் என்று துப்பினேன். மறுநாளிலிருந்து சோளக்கஞ்சி கசக்கிறது. பணிப்பெண் பும்லாவை மடக்கிக் கேட்டேன். "பொடி பண்ணிக் கலக்கச் சொல்றாங்கம்மா, எங்க வீட்லயும் இப்படித்தான் பேசுவாங்க, நான் சொன்னா இங்க யாரு கேக்குறா, என் வேலைதான் போயிரும்" என்று அழுதாள். இப்போது அவித்த முட்டையும் வாழைப்பழமும்தான் தின்கிறேன், நானே உரிப்பதில் எதையும் கலக்க முடியாதே.

எதிர் அறை சிபிவோ சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்டு, "கண்ணு தெரியலன்னா தோத்துட்டுப் போ கெழவி" என்று வம்பிழுப்பார். சாப்பாடு சரியில்லை என்று ஒருநாள் சத்தம் போட்டார். இப்போது எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிறார், சீட்டைக் கையில் வைத்தால் நழுவி விழுகிறது. ஐயோ, அடுத்தது நான்தான்.

மேட்ரனிடம் நேரிலேயே கேட்டேன். "ஒங்க பொண்ணே சரின்னுட்டாங்க, நீங்க எதுக்குப் பதறுறீங்க" என்றாள். அம்மா நன்றாகத் தூங்கட்டுமே என்று அவள் கேட்டிருப்பாள், நீயும் தலையாட்டியிருப்பாய். உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை நான் என்றைக்காவது வேண்டாமென்றேனா? என்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும், அவ்வளவுதான். நான் போன் பேசும்போது மேட்ரன் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்ததும் போன் செய்து நிறுத்தச் சொல். பும்லா பெயரை மட்டும் சொல்லிவிடாதே.

நம் முன்னோர்கள் உன் வாசலில் காவல் நிற்கட்டும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். தினமும் அவர்களிடம் கடைசியாக உன் பெயரைச் சொல்லி, இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் முடிப்பேன். நேற்று ஜன்னலருகே நின்றேன், எல்லார் பெயரும் வந்தது, உன் பெயர் வரவில்லை. உன் பழைய கடிதத்தைப் பார்த்துத்தான் மேலே உன் பெயரை எழுதினேன்.

உன் அம்மா,
நோமவெத்து