ஒரே கோட்டில் நின்று

குரங்கணி
3.11.2025

அன்புள்ள மெஹ்ரினுக்கு,

நலம். நீயும் கமர்நிசா அம்மாவும் நலம்தானே? இங்கே போன் சிக்னல் இல்லை. காசிமாயன் அண்ணன் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உலக மலையோட்டப் போட்டி நம் மலையில் நடக்கப்போகிறது, அதன் போடி ஆபீசில் என் பள்ளிக்கூடச் சிநேகிதி இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நீ கேட்டபடி, போட்டிக்குப் பாதை விடச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அன்றைக்கு ஜீப் ஓடாது, எஸ்டேட்டுக்குப் போக முடியாது என்றதும் செல்லத்தாய் அக்கா சண்டைக்கே வந்துவிட்டாள். "எவனோ ஓடுறதுக்கு எங்க கூலிய எதுக்கு விடணும்?" என்றாள்.

"நம்ம பொண்ணுகளும் அவுகளோட ஒரே கோட்டுல நின்னு ஓடப்போறாகக்கா. மெஹ்ரின் வாக்குக் குடுத்திருக்கா" என்றேன். அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டத்தில் பாதையை விடச் சம்மதித்தார்கள்.

என் நாத்தனார் சந்திரவல்லி ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த களைப்போடு தினமும் மேலே ஓடுகிறாள். கூடப் போகும் நாய்க்குத்தான் நாக்குத் தள்ளுகிறது.

உன்
பானு

போடி
20.11.2025

பிரியமுள்ள பானுவுக்கு,

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

கோபப்படாமல் படி. வெளிநாட்டில் ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. நம் பெண்களுக்குப் போட்டிக்கு முந்தின நாள் 'வரவேற்பு ஓட்டம்' வைக்கிறார்கள். தலையில் ஏலக்காய் மூட்டையோடு கொஞ்ச தூரம் ஓடினால் போதும், டிவியில் வரும். நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊரில் இப்போதைக்குச் சொல்லாதே. பாதையை மறித்துவிட்டால் என் வேலை போய்விடும்.

என்றும் உன்
மெஹ்ரின்

குரங்கணி
23.11.2025

அன்புள்ள மெஹ்ரினுக்கு,

மூட்டை சுமப்பது எங்களுக்குச் சோலி. அதை வேடிக்கை காட்ட யாரும் வரமாட்டார்கள். உனக்காக ஊரில் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். எப்படியாவது இடம் வாங்கிக் கொடு.

உன்
பானு

குரங்கணி
15.12.2025

மெஹ்ரினுக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இடம் வாங்கிவிட்டாய், வேலையில் எழுத நேரமில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் நேற்று பெண்களைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கயிறு கட்டி எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். நீ மேடையில் இருந்தாய். என்னைப் பார்த்தாய்.

உள்ளூரிலிருந்து ஏன் ஒருவர்கூட ஓடவில்லை என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். "எவ்வளவோ கூப்பிட்டோம், யாரும் முன்வரவில்லை" என்று மைக்கில் சொன்னாய். இடம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மெஹ்ரின்.

"நாமதான் வந்து நிக்கிறமே மதினி?" என்றாள் சந்திரவல்லி. புது ஷூவோடு நின்றாள். எனக்கு அழுகைதான் வந்தது.

ராத்திரியே ஊரைக் கூட்டி, நீ எழுதியதை மறைத்தது வரை சொல்லிவிட்டேன். ஏச்சுத் தாராளமாகக் கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் இங்கேதான் போட்டி என்று அறிவித்தீர்கள். பாதை கேட்க ஊர்க்கூட்டத்துக்கு நீயே வா. நான் செல்லத்தாய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பானுப்பிரியா