மொட்டைத் தலைக்குக் காசு வாங்காதவள்

இன்று காலை கடையைத் திறந்ததும் ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். மழித்த தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த வாசனை அறைக்குள் வந்ததும் நான் பாட்டுக்கு உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. எனக்கு இன்னும் புத்தி வரவில்லை பார்.

மொட்டை போடுகிற திருப்பதியில் பியூட்டி பார்லரா என்று நம் ஊர் நகரியில் தெருவே சிரித்தது உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, புருவம் திருத்திக்கொள்ளப் பெண்களுக்கு ஆசை பிறந்திருந்த காலம். நீயும் நானும் சென்னையில் தொழில் கற்றுக்கொண்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த மாடி அறையைப் பிடித்தோம். என் வீட்டுக்காரருக்குப் பெங்களூர் கார்மென்ட்ஸில் வேலை கிடைத்திருந்தது. "சங்கராந்தி வரைக்கும் பாரு. ஓடலன்னா மூட்டய கட்டிக்கினு கெளம்பி வா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காவது பெங்களூர் இருந்தது. உனக்கு நகரி பவர்லூம் ஷெட் மட்டும்தான். அந்தப் பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கியவள் நீ. கடை படுத்தால் மறுபடி அங்கேதான் போக வேண்டும்.

நான் நோட்டீஸ் அடித்து, மலைக்குப் போகிற கூட்டத்துக்கு நின்று நின்று கொடுத்தேன். அதை வைத்து விசிறிக்கொண்டார்கள், வடையின் எண்ணெயை ஒற்றினார்கள். ஒருத்தியும் மாடி ஏறவில்லை. மீதி நோட்டீஸ்களை நீ பிடுங்கி வைத்தாய்.

"இன்னிக்கு வந்து நாளைக்குப் போறவங்கடி அவங்க. இங்கியே குடும்பம் நடத்திக்கினு கீற பொம்பளைங்கள உட்டுட்டு, பஸ்ஸ தொரத்திக்கினு கீறியே!"

இந்த ஊரில் கடை வைக்கிற எல்லோருக்கும் யாத்திரிகர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். எனக்கும் அதே கண்தான், என்ன செய்ய?

ஆடி மாதத்தில் அந்தத் தெலுங்கு டீச்சர் வந்தார். மகனுக்குக் காய்ச்சல் இறங்கினால் முடி தருவதாக வேண்டிக்கொண்டு, கொடுத்துவிட்டு வந்திருந்தார். தலையில் துண்டு. "கிளாஸ்ல பிள்ளலு நவ்வுதாரு அம்மா" என்றார். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். புருவம் மட்டும் போதும் என்றார். நீ புருவத்தை முடித்துவிட்டு, கேட்காமலே துண்டை எடுத்து, அந்தத் தலையில் எண்ணெய் வைத்து மெதுவாகத் தேய்த்தாய். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாசாமாசம் வாங்க டீச்சர். வளர்ற முடிய நான் ஒழுங்கு பண்றேன். தோளுக்கு வர்ற வரைக்கும் காசு வாணாம்."

அவர் படி இறங்குவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். "உனக்கு மூள கீதா? வாடகைய பெருமாளா குடுப்பாரு?"

"சாமிக்குக் குடுத்த முடிடி அது. அப்புறம், மொட்டையா இருக்கறப்போ தொட்டுப் பாத்துக்கினவள எவளும் மறக்க மாட்டா."

அதோடு விட்டாயா? அப்புறம் வந்த மொட்டைத் தலைகளிடமும் காசு வாங்கவில்லை. பரு வந்த பெண்ணிடம் "இந்த மூஞ்சிக்கு இப்ப ஃபேஷியல் வாணாம்மா, டாக்டர பாரு" என்று அனுப்பிவைத்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் "நல்லாக்கீதா?" என்று நீ கேட்டதே இல்லை. முகத்துக்கு நேராக எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள் என்பாய். அடுத்த முறை வரும்போது, "ரெண்டு நாள் கழிச்சு எப்பிடி இருந்திச்சு?" என்று கேட்பாய். தலை சீவும்போது, வீட்டில் அடுத்த கல்யாணம் யாருக்கு என்று விசாரித்து, பெண்ணின் பெயரோடு மனசில் வைத்துக்கொள்வாய்.

மார்கழி வந்தது. கடை பாதி நாள் காலியாகத்தான் இருந்தது. கீழே எஸ்டிடி பூத்துக்கு என் வீட்டுக்காரரின் போன் வந்தது, பெங்களூரில் வீடு பார்த்துவிட்டாராம். நான் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தேன். நீ சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

அந்த வாரம்தான் டீச்சர் தன் தங்கையோடும், பள்ளிக்கூடத்துப் பெண்களோடும் ஏறி வந்தார். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். "நான் கண்ணாடி பாக்க பயந்த நாள்ல இந்தம்மா என் தலைய தொட்டாங்க. உன்னையும் இவங்கதான் ரெடி பண்ணணும்" என்று தங்கையிடம் தெலுங்கில் சொன்னார். கூட வந்தவர்களும் தங்கள் வீட்டு முகூர்த்தங்களுக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள். நான் துள்ளிக் குதித்தேன்.

திரும்பிப் பார்த்தால், நீ வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாய். தோள் குலுங்கியது.

"இனிமே நான் தறிக்குப் போவ வாணாம் இல்ல? சொல்லுடி, வாணாம் இல்ல?"

உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேனே, அடிப் பாவி! அத்தனை மாதமும் அந்த ஷெட்டை நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறாய். பயந்துகொண்டேதான் ஒவ்வொருத்தியிடமும் காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பெங்களூருக்கு நான் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் திரும்பி வந்தார். நீயும் கடைசிவரை தறிக்குப் போகவில்லை.

இப்போது தெருவுக்கு நாலு பார்லர். வருகிறவர்களிடம் போனில் ஸ்டார் போடச் சொல்லிக் கேளும்மா என்கிறாள் என் மகள். கேட்கிறேன், தப்பில்லை. ஆனாலும் சில நாள் கடை காலியாகவே கிடக்கிறது. அந்த நாளில் யார் வந்து உட்கார்ந்தாலும், அவசரப்படாமல், இன்னும் கொஞ்ச நேரம் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். காலையில் வந்த மொட்டைத் தலைக்கும் அப்படித்தான் தேய்த்தேன், காசு வாங்கவில்லை.