கழிவு என்று எழுதியது

பெரியவன் அம்மாவுக்கு,

இந்த வெளியூர்க் கடைக்கென்று எழுதச் சொல்லி வாங்கிய புது சாஃப்ட்வேர், என் குழாய்ச் சரக்கில் பாதியைக் குப்பைக் கணக்கில் தள்ளிவிட்டது. பயப்படாதே, சரக்கு குடோனில் பத்திரமாக இருக்கிறது. நானும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

என்னென்ன வேண்டும் என்று கொடுத்த தாளில், "கழிவுள்ள சரக்கைத் தனியாகக் காட்டவும்" என்று எழுதியிருந்தேன். நான் நினைத்தது விலையில் தள்ளிக் கொடுக்கும் கழிவு. நம் மொழி பேசும் இன்ஜினியரோ, வீணாய்ப்போன சரக்கு என்று இருப்பிலிருந்தே எடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா?"

"விளக்கமா எழுதித்தானே சார் அனுப்பினேன்? நீங்கதான் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க."

பார்க்கவே இல்லை. ஒரு ஆணியைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்கும் நான், அவர் அனுப்பிய பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டேன்.

சின்னவள் பிரசவத்துக்கு வர முடியாது. நீயே சொல்லிவிடு, எனக்கு வாய் வரவில்லை. என் மூக்குக் கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. சின்ன எழுத்தைப் படித்துச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

லாரி வந்துவிட்டது. இன்ஜினியரிடம் பேசி முடித்தது இதுதான்: திருத்தும் செலவு ஆளுக்குப் பாதி. அவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு உதாரணம். நான் வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்து. அதற்காக இரண்டு மாதம் நான் இங்கேயே இருக்க வேண்டும்.