அக்கா குடித்த தண்ணீர்

மார்ச் 12, வியாழன்

அக்கா வீட்டில் இன்று போர்வெல் போட்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய வீடு. இடம் குறித்தது நான்தான். ஜியாலஜி முடித்தவளைக் குவாரியில் பெண் என்று திருப்பி அனுப்பினார்கள். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் ஜியாலஜியா என்று சிரித்தார்கள். என் படிப்பை நம்பி வந்த முதல் வேலை இது.

மண்ணின் மின்தடையை அளக்கும் மீட்டரைக் கல்லூரியில் இரவல் வாங்கிப் போனேன். தென்னைக்குப் பக்கத்தில் மின்தடை சட்டென்று இறங்கியது. தண்ணீர் என்று குதித்தேன். தண்ணீர் இருந்தால் இறங்கும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் இறங்கும். பரீட்சையில் இதை எழுதியவள்தான் நான். அப்போது ஏன் தோன்றவில்லை?

தண்ணீர் பீறிட்டதும் மாமா, அக்கா புருஷன், கை தட்டினார். "பாத்தியா, நம்ம வூட்லயே ஆளு கீது!" பக்கத்து மனைக்காரர் தனக்கும் பார்த்துத் தரச் சொன்னார். இதையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

மாமா ஒரு வாய் குடித்தார். துப்பினார். போர் போட்ட லாரிப் பக்கம் போய்விட்டார்.

"கல்லப் படிச்சு இன்னா பண்ணப் போற?" என்று அப்பா கத்திய நாளில் எனக்காகச் சண்டை போட்டவள் அக்கா. டம்ளரை எடுத்து முழுக்கக் குடித்தாள். முகம் மாறவில்லை.

"நல்லாத்தான்டி கீது. உங்க மாமாவுக்கு வாய் சரியில்ல."

ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். இப்போது ஒரு வாய் ஊற்றிப் பார்த்தேன். ஒரே உப்பு. விழுங்க முடியவில்லை. அவள் எப்படி ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள்?