சிகிரியா படிகளில் சீனியாரிட்டி

ஜனக்புரி, புது தில்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, கனிமொழியின் வணக்கம்.

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எல்லாரும் போனில் பேசிக்கொள்கிற காலத்தில் நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். மலையில் ரோடு போடுகிற உங்கள் கேம்ப்பில் மேகம் விலகினால்தான் சிக்னல். கிடைத்தாலும் நீங்கள் சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் சாப்பிட்டேன்பா என்று சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. போகாவிட்டாலும் நான் அதற்கு மேல் பேச மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். ரோடு திறந்து ரேஷன் வண்டி வரும்போது இதுவும் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். கூலரை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறோம், இந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. தம்பி ஜெகன் படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறான், அம்மா அதட்டினால் 'அச்சா அச்சா' என்று எழுந்து போகிறான். அங்கே மண் சரிவு என்று டிவியில் காட்டும்போதெல்லாம் அம்மா சேனலை மாற்றிவிடுகிறார். ஒரு வரியாவது எழுதுங்கள்.

இலங்கைப் பயணம் நல்லபடியாக முடிந்தது அப்பா. நல்லபடியாக என்ற சொல் போதாது. நான் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன்.

போவதற்கு முன்னால் போனில் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த ஒரு தடவை போய்வா, கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம், இதற்கப்புறம் வெளியூர் வேலை வேண்டாம் என்றீர்கள். நானும் சரிப்பா என்றேன். எங்கள் டிராவல்ஸ் முதலாளி சிவகுமார் சார் சொன்னதை உங்களிடம் சொல்ல அன்றைக்கு லைன் நிற்கவில்லை. எப்போதும் குரூப்பை அழைத்துப் போகும் அர்விந்துக்கு அம்மை போட்டுவிட்டது. சார் ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றார். ஓட்டல், டிக்கெட், பஸ் எல்லாம் போட்டது நீதானே, நீயே போ என்றார். புகார் இல்லாமல் திரும்பினால் இனி இலங்கை டூர் எல்லாம் உனக்கு, ஒரு புகார் வந்தாலும் பழையபடி டிக்கெட் போட உட்கார வேண்டியதுதான், அப்புறம் என்னிடம் கேட்கக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு ஆசையாக இருந்தது அப்பா. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் ஆபீஸில் உட்கார்ந்து, சிகிரியாவில் எந்த அறையில் இருந்து பார்த்தால் பாறை தெரியும் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போனில் சொல்லியிருக்கிறேன். பாறையை நான் பார்த்ததில்லை.

வந்தவர்கள் எல்லாரும் மத்திய அரசில் வேலை பார்த்து ரிடையரான தமிழர்கள். ஒரு காலத்தில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கமாக இருந்தவர்கள், இப்போது துவாரகாவில் சொந்த ஃபிளாட். கொழும்பு ஏர்போர்ட்டில் பஸ் வந்து நின்றதும் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. ஜாயின்ட் செகரட்டரியாக ரிடையரான ராமசுப்ரமணியன் சார் நேராக முதல் சீட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் டெபுடி செகரட்டரியாக இருந்த பாலசுப்ரமணியம் சார். ஒரே பதவியில் இருந்த இரண்டு பேர் மட்டும், நீங்க உட்காருங்கோ, இல்லை இல்லை நீங்கதான் எனக்கு முன்னாடி ப்ரமோட் ஆனேள் என்று கொஞ்ச நேரம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் யூனிட் ஜீப்பில் முன் சீட் யாருக்கு என்ற கேள்வியே வராது என்பீர்களே, அதே கதைதான். உங்களுக்காவது உடம்பில் யூனிஃபார்ம் இருக்கிறது. இவர்கள் தொப்பியும் கான்வாஸ் ஷூவுமாக வந்திருந்தார்கள்.

மாதங்கி மாமி என்று ஒருவர். ராமசுப்ரமணியன் சாருக்கு வருஷக்கணக்கில் பி.ஏ.வாக இருந்தவர், கணவர் இல்லை, தனியாக வந்திருந்தார். அவர் யாரும் சொல்லாமலே கடைசி வரிசைக்குப் போய், சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கினால் அவருக்கு வாந்தி வரும். எனக்கு அது தெரிந்தது. கையில் மைக் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தைரியம் வந்து எல்லாருக்கும் நல்வரவு சொன்னேன். மைக் ஆன் ஆகவில்லை என்று அந்த மாமிதான் பின்னால் இருந்து சைகை காட்டினார்.

முதலில் போனது அனுராதபுரம். வெள்ளை உடுத்திய ஜனங்கள் தாமரை மொட்டுகளோடு வரிசையாகப் போகிறார்கள், அத்தனை பேர் நடந்தும் காலடிச் சத்தம் கேட்பதில்லை. வெள்ளைவெளேரென்ற தூபி வானத்தில் பாதியை மறைத்து நிற்கிறது. புத்தகயாவிலிருந்து கொண்டுவந்து நட்ட பழைய அரச மரத்தின் கிளைகளுக்குத் தங்க நிறத்தில் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதன் கதையெல்லாம் எனக்குத் தெரியும், காலேஜில் வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் என் குரல் மூன்றாவது ஆளைத் தாண்டவில்லை. பொண்ணே, கேக்கலை என்று பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆபீஸிலிருந்து ஒரு ஊமைக்கொட்டானை அனுப்பியிருக்கான் என்று பாலசுப்ரமணியம் சார் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இன்னும் ஒரு நாள் பார்ப்பேன், அப்புறம் சிவகுமாருக்குப் போன் போடுவேன் என்றும் சொன்னார்.

அந்த இன்னொரு நாள்தான் சிகிரியா.

காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பாறை, அதன் உச்சியில் ஒரு ராஜா அரண்மனை கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகும் படிகளில்தான் ஏற வேண்டும். எங்கள் குரூப் பஸ்ஸில் உட்கார்ந்த வரிசையிலேயே ஏறியது அப்பா. முன்னால் ராமசுப்ரமணியன் சார், பின்னால் பாலசுப்ரமணியம் சார், அப்படியே பதவி இறங்கி இறங்கிக் கடைசியில் மாதங்கி மாமி, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களும். பாறையில் தீட்டியிருக்கிற ஓவியங்களைப் பார்த்துவிட்டு மேலே போகப் போக வரிசை நகரவே இல்லை. ராமசுப்ரமணியன் சார் ஒரு படி ஏறுவார், நிற்பார். உடனே எல்லாரும் நின்று, ஆகா என்ன வியூ என்பார்கள். அவரைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்கவும் மாட்டார்கள். இத்தனை பேர் பின்னால் நிற்கிறார்களே என்று அவரும் இன்னொரு படி ஏறுவார். கீழேயிருந்து நகரச் சொல்லிப் பல பாஷைகளில் சத்தம் வர ஆரம்பித்தது.

கைப்பிடியோரமாக ஒதுங்கி ஒதுங்கி நான் மேலே போனேன். சாரின் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கம்பியை விடாமல் பிடித்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். மலையில் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்கிறவனைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு லீவில் வந்தபோது சொன்னீர்கள். எனக்குக் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை அப்பா.

"சார், நீங்க நின்னா அவங்களும் நிப்பாங்க. நீங்க உட்கார்ந்தாதான் அவங்க போவாங்க. உட்காருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஓரமாகப் படியிலேயே உட்கார்ந்தார். நான் திரும்பி, எல்லாரும் சாரைத் தாண்டிப் போகலாம், மேலே காவலாளிகளிடம் உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியம். கடைசி ஆள்வரை கேட்டிருக்கிறது. ஆனாலும் பாலசுப்ரமணியம் சார் தயங்கினார், சார் இருக்கும்போது நான் எப்படி என்று இழுத்தார். அப்போது கூட்டத்துக்குள்ளே இருந்து எலுமிச்சம்பழமும் கையுமாக மாதங்கி மாமி ஏறி வந்தார்.

"கொஞ்சம் நகருங்கோ, எனக்கு மேல போகணும்" என்றார். ராமசுப்ரமணியன் சாரைத் தாண்டும்போது மட்டும் ஒரு நிமிஷம் குனிந்தார். "நான் போய்ப் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன் சார்."

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி எல்லாரும் போனார்கள்.

காவலாளிகள் வந்து, கொஞ்சம் தெளிந்த பிறகு சாரைக் கைத்தாங்கலாகச் பெரிய சிங்கப் பாதங்கள் கட்டியிருக்கிற திறந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே முதலுதவிக்கு இருந்தவர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறியதும் வெயிலும்தான் காரணம், இனி ஏற வேண்டாம் என்றார். நான் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். உயரம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாதாம். அவ்வளவு பேர் பின்னால் வரும்போது எப்படியம்மா உட்காருவது என்று கேட்டார். தண்ணீரை இன்னொரு வாய் குடிக்கச் சொன்னேன்.

எங்கள் குரூப்பில் உச்சியை முதலில் மிதித்தது மாதங்கி மாமி. இறங்கி வந்து சாரின் எதிரில் உட்கார்ந்து, மேலே குளம் வெட்டியிருப்பதையும், ராஜாவின் கல் ஆசனத்தையும், எந்தப் பக்கம் திரும்பினாலும் காடு பச்சையாகப் போய்க்கொண்டே இருப்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், காத்து ஜோரா இருக்கு சார், எனக்குத் தலைகூடச் சுத்தலை என்றார். ராமசுப்ரமணியன் சார் அவரையே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் உச்சிக்குப் போகவில்லை அப்பா. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மறுநாள் காலை எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் பஸ் வாசலில் மைக்கோடு நின்றேன். ஆன் செய்துவிட்டுத்தான். நேற்று உட்கார்ந்த சீட்டில் இன்று யாரும் உட்காரக் கூடாது, தினமும் முன்னால் இருக்கிறவர்கள் பின்னால் போக வேண்டும், வாந்தி வருகிறவர்களுக்கு மட்டும் முன் சீட் நிரந்தரம் என்றேன். யாரும் அசையவில்லை. இது ஆபீஸ் ரூலா என்று பாலசுப்ரமணியம் சார் கேட்டார். "இல்ல சார், என் ரூல்" என்றேன். ராமசுப்ரமணியன் சார் எழுந்தார். பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கடைசி வரிசைக்கு நடந்தார். சீனியர் போன வழியில் எல்லாரும் போனார்கள். அந்தப் பழக்கம் அன்றைக்கு எனக்கு உதவியது. மாமி முதல் சீட்டுக்கு வந்ததும், தங்களுக்கும் வெகு காலமாக வாந்தி உண்டு என்று இரண்டு ஆபீசர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் பயணமே வேறு. பொலன்னறுவையில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் படுத்திருக்கிறார். தலை வைத்த கல் தலையணை, நிஜமாகவே அழுந்தின மாதிரி குழிந்திருக்கிறது. என் பாடப் புத்தகத்தில் அது தபால்தலை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். அதன் முன்னால் நின்று, இரண்டு பாதங்களும் ஏன் சமமாக இல்லை, அவர் தூங்கவில்லை, உயிர் பிரிகிற நேரம் இது என்று சொன்னேன். கொஞ்ச தூரத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது, சுவரில் நம் எழுத்து. நுவரெலியாவுக்கு ஏறும்போது வளைவுக்கு வளைவு அருவி, மலை முழுக்கச் சீப்பால் வாரினது போல் தேயிலை. உங்கள் ரோடுகளும் இப்படித்தான் வளையுமா என்று நினைத்துக்கொண்டேன். தெற்கே காலி நகரத்துக் கோட்டை மதிலில் கடல் காற்றில் நடந்துகொண்டே டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது, மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா, காது வலிக்கறது என்றார் பாலசுப்ரமணியம் சார்.

அவர் போன் போடவே இல்லை. புகாரே வராததை நம்பாமல் சிவகுமார் சாரே தில்லி ஏர்போர்ட்டுக்கு வந்து வாசலில் நின்றிருந்தார். ராமசுப்ரமணியன் சார் அவர் கையைப் பிடித்து, படியில் நடந்ததைத் தானே எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வருஷம் கம்போடியா போகிறோம், இந்தப் பெண் வராவிட்டால் நாங்களும் வரவில்லை என்றார். திங்கட்கிழமை சிவகுமார் சார் மே மாத இலங்கை குரூப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். உங்களிடம் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இரவில் குளிர் குறையவில்லை என்றீர்களே, அம்மா அனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுதியும் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. சரோஜினி நகர் அழகர்சாமி மாமா வீட்டார் உங்கள் லீவில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னார். பெண் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், காலையில் போனால் சாயங்காலம் வீடு என்று நீங்கள் சொல்லியிருப்பதாகவும் அம்மா சொன்னார். என் நல்லதுக்காகத்தான் சொல்லியிருப்பீர்கள், கோபமில்லை. நான் அவர்கள் எதிரில் வந்து நிற்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்கள் வருவதற்கு முன்னால் நீங்களே அவர்களிடம் பேச வேண்டும் அப்பா. அம்மாவோ நானோ சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும். உங்கள் வாயால், தயங்காமல், என் மகள் ஊர் ஊராக ஆட்களை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறாள், கல்யாணத்துக்கு அப்புறமும் போவாள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவர்கள் வருவதாக இருந்தால் வரட்டும்.

உங்கள் மகள்,
கனிமொழி