லைனிங் துணியில் நான்கு இலைகள்

என் அருமை வாண்டுக்கு,

ஊசிக்கும் நூலுக்கும் ஏக சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, அவளுடைய முட்டிவலி, என் தையல் மெஷின் நால்வரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வேலையும் ஒருவரை ஒருவர் படுத்தாமல் சௌக்கியமாக இருக்கிறீர்களா? இனி நான் சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே சத்தியம் செய்துவிடுகிறேன். கூடவே இருந்து பார்த்த உன் சித்தியே நம்பவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் என் முகம் தெரியும், பொய் சொன்னால் என் இடது காது ஆடும் என்று ஏழு வயதிலேயே கண்டுபிடித்த கழுதை நீ. கடிதத்துக்குக் காது கிடையாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் உன் ஆர்க்கிட் தொட்டியைப் பற்றியது. நீ கிளம்புகிற அன்று அதை என் கையில் கொடுத்து, "சித்தப்பா, இது மரத்துல தொத்திக்கிற ஆர்க்கிட் இல்ல, மண்ணுல வளர்றது. காலை வெயில் மட்டும் காட்டுங்க, தண்ணி தேங்கக் கூடாது, மத்ததெல்லாம் பேப்பர்ல எழுதியிருக்கேன்" என்றாய். வண்டியில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி, "இது பூத்ததும் ஓடி வந்துடுவேன், சரியா?" என்றாய். உனக்கு அது போகிற போக்கில் சொன்ன பேச்சு, எனக்கு அது கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பத்திரம். அன்றிலிருந்து அந்தச் செடிக்கு நான் செய்த சேவையை எந்த அரசனுக்கும் எந்த மந்திரியும் செய்திருக்கமாட்டான். விடிந்ததும் கிழக்கு ஜன்னலுக்குத் தூக்கிப்போவேன், நான் வரத் தாமதமானால் சூரியன் கீழேயே நின்று காத்திருக்கும். நான்கே இலைதான், ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்ந்தது தெரியுமா, உள்ளே நுழைந்த புறா ஒன்று வழி தெரியாமல் இரண்டு நாள் சுற்றியது. அந்த இலையில் நீளவாக்கில் ஓடுகிற மடிப்பு இருக்கிறதே, நாற்பது வருஷமாக இஸ்திரி பிடிக்கிற எனக்கே அப்படி ஒரு மடிப்பு விழுந்ததில்லை, பொறாமையாகக்கூட இருந்தது.

நீ எழுதிக்கொடுத்த பேப்பர் எங்கே என்று கேட்பாய். ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார், நோட்டைக் காணோம், கைக்கு அகப்பட்ட தாளின் பின்பக்கம் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் எழுதித் துணியோடு குத்திவைத்தேன். கோட்டு முடிந்தது, துணி போன வழியே தாளும் போனது. பிறகு கேட்டால் அந்த அம்மா, "அதைத் துவைச்சாச்சே" என்கிறார். நான் அதில் தண்ணீர் என்ற வார்த்தை வரைக்கும்தான் படித்திருந்தேன், தலைமை ஆசிரியையின் கோட்டுப் பை மிச்சத்தையும் படித்துவிட்டது.

குளிர் தொடங்கின மாதம் முதல் இலை பழுத்தது. நான் தண்ணீரைக் கூட்டினேன். இரண்டாவது பழுத்தது. இன்னும் கூட்டினேன். ஜன்னலை மாற்றினேன், கெஞ்சினேன், மிரட்டினேன், பேப்பர் செய்தி வாசித்துக் காட்டினேன். ஒரு வியாழக்கிழமை நான்காவது இலையும் விழுந்து தொட்டியில் வெறும் மண் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய், செடியைக் காட்டுங்கள் என்பாய். வாண்டு, அப்போது எனக்கு ஓடிய கணக்கு ஒன்றே ஒன்றுதான். செடி இல்லாவிட்டால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் நீ இல்லை.

அதனால் உன் சித்தப்பா செடி தைத்தான். ஆமாம், சரியாகத்தான் படிக்கிறாய். கோட்டுக்கு உட்புறம் கொடுக்கிற பச்சை லைனிங் துணி, உள்ளே காலருக்கு வைக்கிற கேன்வாஸ், நடு நரம்புக்குக் கம்பி, மடிப்புக்கு மடிப்பு சூடாக இஸ்திரி. வெள்ளி, சனி இரண்டு நாள் வேலை, நான்கு இலை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் மூக்கு ஒட்டுகிற அளவு கிட்டே வந்து, "அடேங்கப்பா, என்ன பளபளப்பு! என்ன உரம் போடுறீங்க?" என்றாய். இடது காதைக் கையால் மூடிக்கொண்டு "பாசம்தாம்மா" என்றேன். பின்னால் உன் சித்தி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடியதை நீ இருமல் என்று நினைத்து மருந்து சொன்னாய். இப்படிப் பதினைந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். முதல் வாரம் பார்வைக்கு இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்தேன், சாயம் இறங்கி ஜன்னல் கட்டை, என் வேட்டி, சித்தியின் கண் எல்லாம் பச்சை. அதன் பிறகு அந்தத் தொட்டிக்கு ஒரு சொட்டு காட்டவில்லை.

பதினைந்தாவது வாரம் நீ என்ன கேட்டாய் ஞாபகமிருக்கிறதா? "மொட்டு ஏதாவது தெரியுதா சித்தப்பா? இந்த வருஷம் லீவு கேக்கலாமா, அடுத்த வருஷம் பாத்துக்கலாமான்னு யோசிக்கிறேன்." நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஊதாப் பட்டுத் துண்டை எடுத்தேன். அவசரமாகக் கொடுக்கவேண்டிய ஒரு கல்யாணக் கவுனை ஓரமாக வைத்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து பூத் தைத்தேன், ஐந்து இதழ், கீழே சுருக்கம் வைத்த உதடு ஒன்று. அவ்வளவு அசலாக வந்தது, தேனீ ஒன்று வந்து உட்கார்ந்து ஏமாந்துபோய் என்னிடமே புகார் சொல்லிவிட்டுப் போனது. சனிக்கிழமை அதைக் கம்பியில் கட்டித் தொட்டியில் நட்டேன். பதினைந்து வாரமாகச் சிரித்த உன் சித்தி அன்று சிரிக்கவில்லை. இதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள இதை நம்பி டிக்கெட் போட்டு வந்து, ஆசையா தொட்டுப் பாப்பாளே. அப்ப உங்க மூஞ்சிய எந்தத் துணி போட்டு மூடுவீங்க?" என்றாள்.

அவள் பேச்சை அப்படியே கேட்டேன். இந்த வீட்டு வரலாற்றில் அது முதல் தடவை. எழுந்து போய்ப் பூவைப் பிடித்து இழுத்தேன், கம்பியோடு மண்ணும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மண்ணுக்குள் இருந்த பழைய கிழங்கின் பக்கத்தில் ஏதோ வெளுப்பாக, கூராக நின்றது. துணியில் கோடு போடுகிற என் சாக்பீஸ் துண்டுதான் விழுந்து கிடக்கிறது என்று எடுக்கப்போனேன், வரவில்லை, அது முளை.

தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாற்றுப் பண்ணைக்கு ஓடினேன், வழியில் நான்கு பேருந்தை முந்தினேன். பண்ணைக்கார அம்மா தொட்டியைப் பார்த்தார், துணி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி விட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு பதினைந்து வாரம் என்றேன். "பொழைச்சுது போங்க. இது குளிருக்கு இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்குற வகை. நீங்க பாட்டுக்குப் பாசமா ஊத்தியிருந்தா கிழங்கே அழுகியிருக்கும்" என்றார். துணியில் சாயம் போகும் என்ற பயம்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது, என் பாசம் கொன்றிருக்கும். முளை இரண்டு விரல் உயரம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், மணலும் மக்கிய இலையும் கலந்த புதுமண், அவ்வளவுதான் வேலை என்றார். எப்போது பூக்கும் என்றேன். "இந்த வருஷமும் பூக்கலாம், அடுத்த வருஷமும் ஆகலாம், அது அதுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு இலையைத் தடவிப் பார்த்து, "இதை யார் தைச்சது? என் பொண்ணுக்கு ஒரு கவுன் தைக்கணும்" என்றார்.

ஆக பூ இல்லை வாண்டு. பத்திரப்படி உன்னைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உனக்கு ஒரு குளிர்க்கோட்டு வெட்டலாம் என்று போன மாதம் நோட்டை எடுத்தேன், அதில் உன் அளவு இரண்டு வருஷம் பழசு. ஊரில் எல்லார் தோளும் எனக்குத் தெரியும், என் பிள்ளையின் தோள் இப்போது எத்தனை அங்குலம் என்று தெரியவில்லை. கத்தரியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், வெட்டவில்லை. சித்தி வந்து, "போன்ல கேட்டுக்கலாமே" என்றாள். போனில் நீ நம்பரைச் சொல்வாய், டேப்பைப் போடும்போது கூச்சத்தில் நெளிவாயே, அது வராதே. உன் அறைக்குத் துணி வெட்டுகிற மேஜையை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, மாற்றவில்லை, அந்த அறை அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வைத்த பிறகும் உன் சித்தி போனைக் கீழே வைப்பதில்லை, சூடு ஆறட்டும் என்கிறாள்.

அதனால் பூவுக்காகக் காத்திருக்காதே. லீவு கேள். கொடுக்காவிட்டால் சித்தப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல், நான் வேண்டிய அளவு படுத்துக் காட்டுகிறேன். வருகிற ஞாயிறு தொட்டியை மொட்டைத் தலையோடு காட்டுவேன், திட்டுவதை எல்லாம் அன்றே திட்டிவிடு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, சட்டைப் பொத்தான் விழுந்தால் குண்டூசி குத்திக்கொண்டு போய் நம் குடும்ப மானத்தை வாங்காதே. சித்தியும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இரு.

உன் வரவை எதிர்பார்த்து,
சித்தப்பா

பி.கு.: புறா பொய், தேனீ பொய், பேருந்தை முந்தியது பெரும் பொய், ஒரு சைக்கிளைக்கூட முந்தவில்லை. முளை மட்டும் நிஜம். இன்று காலை டேப் வைத்து அளந்தேன், முக்கால் அங்குலம். நீ நம்பமாட்டாய் என்று அதே நீளத்துக்குப் பச்சை நூல் வெட்டி இங்கே கீழே ஒட்டியிருக்கிறேன். கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நூல் பொய்யாகிவிடும், அது இன்னும் வளர்ந்திருக்கும்.