எனக்கு வந்த உப்புத்தண்ணீர்

அண்ணா,

இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. உங்கள் ஞாபகம்தான் வந்தது. நாம் உட்காரும் பெஞ்சில், உங்கள் இடத்தில், உங்கள் மனைவி உட்கார்ந்திருந்தார். நீங்கள் மாரடைப்பில் போன பிறகு அக்காவை இப்போதுதான் பார்க்கிறேன். முகம் கொடுத்துப் பேசவே கூசியது.

பொள்ளாச்சியில் தேங்காய் மூட்டைகள் சரிந்து உங்கள் தொடைச் சதை நசுங்கியது. சிங்காநல்லூரில் வேன் இடித்து என் தொடை கிழிந்தது. அப்படித்தான் சேதமான சதையை மறுபடி வளர வைக்குமா என்று ஸ்டெம்செல் ஊசியைச் சோதித்துப் பார்க்க நம் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டெம்செல், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிற டாக்டருக்கே தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காலுக்கான பயிற்சி மட்டும் எல்லோருக்கும் உண்டு.

எனக்குக் கால் சீக்கிரமே தேறிவிட்டது. உங்களுக்குத் தேறவில்லை. ஊன்றுகோலோடு வந்து, "ஏனுங்க தம்பி, வலி எப்பிடி இருக்குதுங்க?" என்று நீங்கள்தான் முதலில் விசாரிப்பீர்கள். உங்கள் எதிரில் விறுவிறுவென்று நடக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் பசியோடு இருக்கும்போது நாம் மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டோமே, அந்த மாதிரி மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் அறைக்குள் ஒழுங்காக நடப்பேன். வெளியே வந்ததும் நொண்டுவேன். பெரிய நடிகன்!

ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டேன். உங்களிடம் நொண்டியபடியே விடைபெற்று வெளியே வந்தால், சிங்காநல்லூர் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் மறந்து ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் கேட்டருகே நீங்கள். "பாத்துங்க தம்பி, உழுந்துபோடாதீங்க!" என்று கத்தினீர்கள். மானம் போயிற்று.

அடுத்த முறை நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உங்கள் முகத்திலோ அவ்வளவு சந்தோஷம். "உங்களுக்கு வந்ததுதானுங்க நெசமான மருந்து. எனக்குத் தண்ணி. இதெல்லாம் முடிஞ்சா எனக்கும் அந்த ஊசியப் போட்டுருவாங்க. அப்பறம் மறுபடி லோடு ஏத்தப் போயிருவனுங்க" என்றீர்கள். அதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நொண்டி நடித்த வெட்கத்தில், "ஆமாங்ணா, அப்பிடித்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டேன். சே, என்ன மனுஷன் நான்! அந்த நம்பிக்கையிலேயே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

யாருக்கு எந்த ஊசி என்று சொல்லத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் அக்கா போய்க் கேட்டுவிட்டு வந்தார். உங்களுக்குப் போட்டது ஸ்டெம்செல்தானாம். அடுத்து நான் போனேன். எனக்குப் போட்டது உப்புத்தண்ணீர். என் கால் பயிற்சியில் தானாகவே தேறியிருக்கிறது. நீங்கள் காத்துக்கொண்டிருந்த மருந்து எப்போதோ உங்கள் தொடைக்குள் போய்விட்டது, அண்ணா. அது உங்களுக்கு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் உங்களுக்காக அழுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ கண்ணு, நல்ல மருந்த அவருக்குப் போட்டுப்போட்டு, உங்களுக்கு வெறுந்தண்ணியக் குத்தி உட்டுட்டாங்களா? கால் இன்னும் வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கக்கா. நல்லா இருக்குதுங்க. ரொம்ப நாளாவே நல்லாத்தான் இருக்குது" என்றேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என் காலைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரோடு நேராக நடந்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஏறும்போது, "நல்லா நடக்கறீங்க கண்ணு. அவரு பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாருங்க" என்றார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன், அண்ணா. இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.